நோரா சாத்திய கதவு

ஒஸ்லோ நகரின் தேசிய நாடக அரங்கு 1899ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் முன்றலில் இரண்டு பெருஞ்சிலைகள் நிற்கின்றன. ஒன்று பியோர்ன்சனுடையது, மற்றையது ஹென்றிக் இப்சனுடையது. இருவரும் உயிரோடிருக்கையிலேயே அவர்களுக்குச் சிலையெடுத்தனர் என்பது அந்நாட்டவரின் இலக்கியப் பற்றுக்குச் சான்று. நம்மவர் பலர் வேலைக்குச் செல்லும் அவசரத்தில் அவ்விடத்தில் ட்ராம் ஏறி இறங்குகின்றனர். அச்சிலையாகி நிற்கும் மனிதர் படைத்த ஒரு பெண், நம் வீடுகளுக்குள்ளும் வந்து போகிறவள் என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இலக்கியத்தில் மறக்கவொண்ணாப் பெண் பாத்திரங்கள் யாவர் என்று கேட்டால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவள் கண்ணகி. பின்னர் மாதவி, மணிமேகலை, சீதை, பாஞ்சாலி என்று அவ்வரிசை நீளும். பிறமொழி இலக்கியம் பயின்றோர் அன்னா கரேனினாவையும் அன்ரிகனியையும் சேர்த்துச் சொல்லுவர். இவர்களுள் எவரையும் குறைத்து மதிப்பது என் நோக்கமன்று. ஆயினும் என் ஆசிரிய வாழ்விலும் அதன் பின்னரும் என்னை விடாது தொடர்ந்து வந்து கேள்வி கேட்டவள், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கொப்பன்ஹேகனில் நூலுருவில் வெளியான 'பொம்மை வீடு' நாடகத்தின் நாயகி நோராவே.

மூன்று நாட்களில் ஒரு வாழ்க்கை

நாடகம் தெரியாதவர்க்காகக் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நத்தார் காலத்து மூன்று நாட்களில் நிகழும் கதை இது. கணவன் தொர்வால் ஹெல்மர் ஒரு சட்டத்தரணி. வங்கியொன்றின் முகாமையாளராகப் பதவியேற்க இருப்பவன். மனைவி நோரா மூன்று குழந்தைகளின் தாய். அவன் அவளை வானம்பாடி என்றும் அணில் என்றும் கொஞ்சுவான். இனிப்புத் தின்றால் பல் கெடும் என்று தடுத்து வைத்திருப்பான்; அவளோ மறைவாக வாங்கித் தின்றுவிட்டு இல்லையென்று சாதிப்பாள். திரை விலகிய முதற் பத்து நிமிடத்தில், இவள் ஒரு செல்லப் பிள்ளை, ஊதாரி என்றுதான் பார்ப்பவர்க்குத் தோன்றும்.

அத்தோற்றம் பொய். மணமான தொடக்க காலத்தில் கணவன் கடும் நோய்வாய்ப்பட்டான். தெற்கே இத்தாலிக்கு அழைத்துச் சென்றாலன்றி அவன் பிழையான் என மருத்துவர் அவளிடம் கூறினர். கடன்படுவதை வெறுப்பவன் கணவன். தந்தையோ மரணப் படுக்கையில். மனைவியொருத்தி கணவனின் சம்மதமின்றிக் கடன் பெறச் சட்டம் இடம் கொடாத காலம். நோரா யாருக்கும் தெரியாமல் குரொக்ஸ்டாட் என்பவனிடம் 4800 குரோணர் கடன் பெற்றுக் கணவனைக் காப்பாற்றுகிறாள். பிணைக் கையெழுத்தைத் தந்தையின் பெயரால் தானே இடுகிறாள். தந்தை இறந்தது செப்ரெம்பர் 29. பத்திரத்தில் அவர் கையெழுத்திட்ட நாளாக இருப்பது ஒக்ரோபர் 2. இறந்தவர் மூன்று நாள் கழித்து எழுந்துவந்து ஒப்பமிட்டார் என்றாகிறது! குற்றஞ்செய்யப் பழகாத ஒருத்தியின் குற்றம் எப்படியிருக்கும் என்பதை இந்த ஒரு திகதியால் காட்டிவிட்டார் இப்சன்.

அக்கடனை அவள் எவ்வாறு அடைத்தாள்? தனக்குத் தந்த உடுப்புக் காசில் மலிவானதை வாங்கி மீதியை ஒதுக்கினாள். இரவிரவாக அறையைப் பூட்டிக்கொண்டு பிறர் கையெழுத்துப் படிகளைப் பிரதி செய்து சம்பாதித்தாள். அவ்வாறு உழைத்த இரவுகளில் களைப்பினூடே தன்னை ஓர் ஆண்மகன் போலவே உணர்ந்ததாகத் தோழி கிறிஸ்தீனேயிடம் மகிழ்ந்து சொல்லுகிறாள். ஊதாரி என்று நாம் எண்ணியவள் அவ்வீட்டிலேயே சிக்கனமானவள்.

பதவி பறிபோகவிருக்கும் குரொக்ஸ்டாட் உண்மையைக் கடிதமாக எழுதி ஹெல்மரின் தபாற் பெட்டியில் இட்டுவிடுகிறான். பெட்டிக்கு ஒரே திறப்பு, அது கணவனிடம். கண்ணாடியூடாகத் தெரியும் அக்கடிதத்தை நோரா வெறித்துப் பார்த்து நிற்கிறாள். உண்மை வெளிப்பட்டால், பழியைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு கணவன் முன்னே வந்து நிற்பான் என்று அவள் நம்புகிறாள். அந்த அற்புதத்தை எதிர்பார்க்கிறாள், அதே வேளை அஞ்சவும் செய்கிறாள். நடந்தது வேறு. கடிதத்தைப் படித்த ஹெல்மர் அவளைப் பொய்யள் என்றும் குற்றவாளி என்றும் ஏசுகிறான். பிள்ளைகளை வளர்க்கும் தகுதி அவளுக்கில்லை என்கிறான். ஊருக்காக ஒரே வீட்டில் இருப்போம் என்கிறான். சற்று நேரத்தில் பத்திரம் திரும்பி வருகிறது. உடனே தான் தப்பிவிட்டதாகக் கூவுகிறான். 'தான்' என்று, 'நாம்' என்றல்ல. பின்னர் பெருந்தன்மையோடு அவளை மன்னிக்கிறான்.

அந்த மன்னிப்பே நோராவின் கண்ணைத் திறக்கிறது. மாறுவேட விருந்துக்கு அணிந்த ஆடையைக் களைந்து, அன்றாட உடுப்போடு வந்து, மேசையில் எதிரே அமர்ந்து, எட்டாண்டு இல்வாழ்வில் முதற்றடவையாகக் கணவனோடு முகத்துக்கு முகம் பேசுகிறாள். மணமோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறாள். வெளிக்கதவு சாத்தப்படும் ஓசையோடு நாடகம் முடிகிறது.

கதவைத் திறக்கச் சொன்னவர்கள்

முதற்பதிப்பின் 8000 பிரதிகளும் ஒரு மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. டிசம்பர் 21ஆம் நாள் கொப்பன்ஹேகன் றோயல் அரங்கில் நாடகம் மேடையேறிற்று. ஸ்கண்டிநேவிய நாடுகளில் விருந்துக்கு அழைப்போர், அந்நாடகம் பற்றி இங்கே பேசவேண்டாம் என்று அழைப்பிதழில் வேண்டிக்கொண்டனர் எனக் கூறுவர்.

ஜேர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த புகழ்பெற்ற நடிகை ஹெட்விக் நீமன் ராபே, 'நானாயின் என் பிள்ளைகளை விட்டுப் போகவே மாட்டேன்' என்ற நிலையில் நின்று, முடிவை மாற்றினாலன்றி நடிக்க மறுத்தார். நூலாசிரியரின் உரிமையைக் காக்கும் சட்டம் அன்று அங்கே இப்சனுக்குத் துணை நிற்கவில்லை. வேறெவரோ சிதைப்பதிலும் தானே சிதைப்பது மேல் என்று இப்சன் மாற்று முடிவொன்றை எழுதிக் கொடுத்தார். அதன்படி, ஹெல்மர் நோராவை உறங்கும் குழந்தைகளின் அறை வாசலுக்கு இழுத்துச் செல்ல, அவள் அங்கேயே தளர்ந்து விழுகிறாள். 1880இல் அவ்வாறே நடிக்கவும்பட்டது. தம் நாடகத்துக்குத் தாமே செய்த காட்டுமிராண்டித்தனம் என்று இப்சன் அதனைப் பின்னர் வெறுத்துரைத்தார். மாற்று முடிவு நெடுநாள் நிலைக்கவில்லை. இலண்டனில் 1886ஆம் ஆண்டு கார்ல் மார்க்சின் மகள் எலினோர் தம் இல்லத்தில் நண்பர்களைக் கூட்டி நாடகத்தை வாசித்தபோது, நோராவாக அவரும் கடன் கொடுத்த குரொக்ஸ்டாட்டாக பேர்னாட் ஷோவும் வாசித்தனர். பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டிய காட்சிதான்!

நோராவுக்கு மாதிரியாக ஓர் உண்மைப் பெண் இருந்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் குறையாகும். லோரா கீலர் என்ற இளம் எழுத்தாளர் இப்சனின் குடும்ப நண்பர். இப்சன் அவரையும் வானம்பாடி என்றே அழைத்தவர். காசநோயுற்ற கணவனை இத்தாலிக்கு அழைத்துச் செல்ல அவர் மறைவாகக் கடன்பட்டார். கடனை அடைக்க ஒரு நூலை எழுதி, அதைப் பதிப்பாளரிடம் பரிந்துரைக்குமாறு 1878இல் இப்சனை வேண்டினார். இப்சன் மறுத்துவிட்டார். மனமுடைந்த லோரா போலிக் கையெழுத்திட்டுப் பணம் பெற முயன்று அகப்பட்டார். கணவன் அவரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தான். சில காலம் மனநோய் விடுதியிலும் இருக்க நேர்ந்தது. பின்னர், பிள்ளைகளுக்காக அதே கணவனிடம் திரும்பினார். உண்மை லோரா திரும்பி வந்தவள். நாடக நோராவே போனவள். தம் துயரைக் கொண்டு உலகப் புகழ் பெற்ற நாடகம் எழுதப்பட்டதில் லோராவுக்கு வாழ்நாள் முழுதும் மனத்தாங்கல் இருந்தது. அது நியாயமானதே என்பேன். இப்சனின் பெருமை பேசுவோர் இப்பகுதியை விரைந்து கடந்து செல்வதை நான் கண்டதுண்டு.

1884இல் மணமான பெண்களுக்குத் தனிச் சொத்துரிமை கோரிய மனுவில் இப்சன் ஒப்பமிட்டார் என்பதையும், 1888ஆம் ஆண்டுச் சட்டமே நோர்வேயில் மணமான பெண்ணைத் தன் பொறுப்பில் தானியங்கத் தக்கவளாக ஏற்றது என்பதையும் ஈண்டு குறிப்பிடல் வேண்டும். நோரா கதவைச் சாத்தி ஒன்பது ஆண்டுகளின் பின்னர்!

நமது சட்டத்தில் ஒரு கையெழுத்து

இது எங்கோ குளிர்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தேசவழமைக்கு உட்பட்டோரின் மண உரிமைகளை ஒழுங்குபடுத்த 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி மணமான பெண்ணின் சீதனக் காணி அவளுக்கே உரியது. ஆனால் அதனை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றை நாடலாம். நகை முதலிய அசையும் பொருளுக்கு அத்தடை இல்லை. ஆகவேதான் நம் பெண்கள் அவசரத்துக்குக் காணியுறுதியோடு நொத்தாரிசிடம் செல்லாமல், காப்போடும் சங்கிலியோடும் அடகு கடைக்குச் சென்றனர். நோராவுக்கு நான்கு சோடி காப்பு இருந்திருந்தால் இந்நாடகமே நிகழ்ந்திராது என்று ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெண்மணி சிரிக்கவில்லை. அவர் கதை வேறு.

அவர் நோர்வேயின் வடபகுதியில் மீன் பதனிடும் ஆலையொன்றில் வேலை செய்தவர். தொண்ணூறுகளில் அவருடைய தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தான். சுற்றிவளைப்பில் இருமுறை பிடிபட்டு மீண்டவன். முகவருக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கணவரிடம் கேட்க அவருக்கு அச்சம். கணவருடைய இரு சகோதரிகளின் சீதனக் கடனே அப்போது முடிந்திருக்கவில்லை. இரண்டு சீட்டுகளைக் கழிவில் எடுத்து, மீதிக்கு வங்கியில் கடனும் பெற்றுத் தம்பியை வெளியே எடுத்தார். விடுமுறை நாட்களிலும் மேலதிக வேலை செய்து அடைத்து வந்தார். ஒருநாள் வங்கிக் கடிதம் கணவர் கையில் அகப்பட்டது.

"ஆரைக் கேட்டு எடுத்தனீர்?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வியாம்.

ஈராண்டு கழித்துத் தம்பி முழுப்பணத்தையும் திருப்பித் தந்தான். அதன்பின் விருந்துக்கு வருவோரிடமெல்லாம், மைத்துனனைத் தாமே கூப்பிட்டெடுத்ததாகக் கணவர் பெருமையோடு சொல்லத் தொடங்கினார். பெண்மணி தேநீர் பரிமாறியபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

"நான் ஒரு இடமும் போகேல்லை, ரீச்சர். ஆனால் அண்டையிலயிருந்து என்ரை சம்பளம் என்ரை பேரிலைதான் போகுது" என்றார்.

இரவில் எங்கே போவாள்?

1994ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத காலம். உயர்தர வகுப்பு மாணவியருக்கு ஒரு பிற்பகல் இந்நாடகத்தின் கதையைச் சொல்லி, கடைசிக் காட்சியைத் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். கதவு சாத்தப்பட்டது என்று முடித்ததும் வகுப்பில் அமைதி. பெண் விடுதலை பற்றி யாரேனும் கேட்பர் என எதிர்பார்த்து, பாரதியின் புதுமைப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பேச ஆயத்தமாக இருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்:

"ரீச்சர், அவ அந்த இரவிலை எங்கை போவா?"

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த இரவைத் தோழி கிறிஸ்தீனேயிடம் கழித்துவிட்டு, மறுநாள் தன் சொந்த ஊருக்குப் போவதாக நோரா சொல்லுகிறாளே என்று பாடத்திலிருந்து விடை கூறினேன். பிள்ளை விடவில்லை.

"அங்கை தகப்பனும் இல்லையே, ரீச்சர். காசும் இல்லை."

மணி அடித்தது. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் ஊரே ஒரே இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தபோது, செம்மணி வெளியில் நெருக்குண்டு நின்ற அந்த மழை இரவில், அப்பிள்ளையின் கேள்வி என் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்துவது இலகு.

அதே கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கேட்டிருந்தார் என்பது பின்னரே எனக்குத் தெரிய வந்தது. சீனத்தின் மாபெரும் எழுத்தாளர் லூ சுன் 1923 டிசம்பர் 26ஆம் நாள் பீஜிங்கில் மாணவியர் முன்னிலையில் ஆற்றிய உரையின் பொருளே, நோரா வெளியேறிய பின் என்ன நிகழும் என்பதாகும். 1918இல் 'புதிய இளைஞர்' சஞ்சிகை இப்சன் சிறப்பிதழ் வெளியிட்டதிலிருந்து சீன இளம் பெண்கள் பலருக்கு நோரா வழிகாட்டியாகியிருந்தாள். லூ சுன் அவர்களைத் தூண்டிவிடவில்லை, எச்சரித்தார். கையில் காசின்றி வெளியேறும் நோராவுக்கு இரண்டே வழிகள்தாம்: சீரழிவது, அன்றேல் திரும்பி வருவது. ஆகவே கனவு காணுமுன் பொருளாதார உரிமையைப் பெறப் போராடுங்கள் என்பதே அவர் உரையின் சாரம். ஈராண்டு கழித்து அவர் எழுதிய சிறுகதையில், காதலனை நம்பிக் குடும்பத்தைத் துறந்து வெளியேறிய பெண் வறுமையாலும் காதலனின் மனமாற்றத்தாலும் தந்தை வீட்டுக்கே திரும்பி மடிகிறாள். பின்னாளில் மாவோவின் மனைவியான ஜியாங் சிங் 1935இல் ஷங்ஹாய் மேடையில் நோராவாக நடித்துப் பெயர் பெற்றார் என்பது ஒரு கிளைச்செய்தி.

ஈரான் நாட்டில் 1993இல் டாரியூஷ் மெஹ்ருஜூயி எடுத்த 'சாரா' திரைப்படமும் இதே கதைதான். அங்கே நோரா மணப்பெண்களின் ஆடைக்கு முத்துக் கோத்து இரவிரவாகத் தைத்துக் கண் மங்குகிறாள். கறுப்பு அங்கியோடு அப்பெண் நடந்து செல்கையில் நோர்வே நினைவுக்கே வருவதில்லை. வல்வெட்டித்துறையும் வாழைச்சேனையுமே நினைவுக்கு வருகின்றன.

நம் இலக்கியத்தில் நோராவுக்குச் சோதரி யார்? கண்ணகி என்று சிலர் எழுதியதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. கண்ணகி தன் காற்சிலம்பைத் தந்து கணவனைத் தாங்கியவள் என்ற அளவில் ஒப்புமையுண்டு. ஆயின் அவள் நீதி கேட்டது மன்னனிடம். கணவனிடம் அவள் ஒரு கணக்கும் கேட்டிலள். நோரா கேட்டது கணவனிடமே. என் கணிப்பில் நோராவுக்கு அணுக்கமானவள், புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசன'த்து அகலிகை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன் என்று கேட்ட அளவில், தன்னை மன்னித்தவன் மீதிருந்த நம்பிக்கை சிதைந்து அவள் மீளவும் கல்லாகிறாள். அவளுக்கும் ஓர் ஆடவனின் மன்னிப்பே பொய்த்தது. வேறுபாடு ஒன்றுதான். நோராவுக்குப் போவதற்கு ஒரு தெருவாவது இருந்தது.

குழந்தைகளை விட்டுச் சென்றாளே என்பதுதான் நோரா மீது இன்றும் சுமத்தப்படும் பெருங்குற்றம். இளம் ஆசிரியையாக இருந்தபோது நானும் அவ்வாறே எண்ணினேன். இப்போதும் அந்த இடத்தில் என் மனம் முற்றாகச் சமாதானமடைவதில்லை. குழந்தைகளின் அறைக் கதவைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருக்கலாகாதா என்று தோன்றும். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்பதை இப்சன் அறிவார்; ஜேர்மனிக்கு எழுதிக்கொடுத்த முடிவே அதற்குச் சாட்சி.

அண்மையில் நூலை மீண்டும் எடுத்தபோது, முன்னர் கவனியாது விட்ட ஒருத்தியிடம் என் கண் நின்றது. அவள் அன்ன மாரியே, வீட்டின் முதிய தாதி. நோராவையே பாலூட்டி வளர்த்தவள். இப்போது நோராவின் பிள்ளைகளைப் பார்ப்பவள். தான் போய்விட்டாலும் இவள் இருக்கிறாள் என்ற துணிவில்தான் நோரா போகிறாள். இரண்டாம் அங்கத்தில் நோரா அவளிடம் கேட்கிறாள், சொந்தக் குழந்தையை அந்நியரிடம் விட்டுவர எப்படி மனம் வந்தது என்று. ஏமாற்றப்பட்ட ஓர் ஏழைப் பெண், கிடைத்த நல்ல வேலையை விடமுடியுமா என்கிறாள் கிழவி. மத்திய கிழக்கு வீடுகளில் பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு, தம் பிள்ளைகளைப் பேத்தியாரிடம் விட்டிருக்கும் நம் கிழக்கிலங்கைத் தாய்மாரும் மலையகத் தாய்மாரும் இதையே வேறு சொற்களில் சொல்வர்.

மகள் உன்னை மறந்திருப்பாளே என்கிறாள் நோரா. இல்லை என்று மறுக்கிறாள் தாதி. மகள் இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறாள்: தேவாலயத்தில் உறுதிபூசுதல் பெற்றபோது ஒன்று, கலியாணம் முடித்தபோது மற்றொன்று.